கட்டிப் போனவர்களையும் கேளுங்கள்

உங்களுக்கு ரத்தம் எடுக்கத் தெரியும். குழாயில் பெயர் ஒட்டத் தெரியும், பெட்டிக்குள் ஐஸ் அடுக்கத் தெரியும். அதையெல்லாம் வவுனியாவில் வைத்து வடிவாகப் படிப்பித்துவிட்டுத்தான் வான் வண்டியில் ஏற்றுவார்கள். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்கட குடும்பத்தில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்பது எப்படி என்று எவரும் படிப்பிப்பதில்லை. சின்னக் கேள்வி என்று நினைப்பீர்கள். இந்த வேலையில் அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அதைச் சொல்லத்தான், ஓய்வெடுத்து வீட்டில் பேரப்பிள்ளைகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த என்னை இழுத்து வந்து இந்தக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள். எனக்குச் சந்தோசம். கதைக்கச் சொன்னால் நான் எப்போது மாட்டேன் என்றேன்?

நான் சொல்கிறேன், கௌசி எழுதுகிறாள். எனக்கு எழுதவும் வராது, வாசிக்கவும் வராது. என் பேச்சை அவள் கொஞ்சம் தலைவாரிப் பொட்டு வைத்துத்தான் எழுதுவாள். மற்ற ஆட்கள் கதைத்ததை மட்டும் கை வைக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன்.

முன்பு நான் மீன் விற்றவள். கடற்கரையில் எடுத்து, கூடையைச் சைக்கிள் கரியரில் கட்டி, முள்ளியவளை வீடுகளுக்குக் கொண்டுபோவேன். எந்த வீட்டில் சூடைமீன் தின்ன மாட்டார்கள், எந்த வீட்டு மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் இறால் வாங்குவாள் எல்லாம் தெரியும். எங்கள் டொக்டர் முதன்முதலாக அங்கே வந்து கூடாரம் அடித்தபோது ஒரு சனமும் ரத்தம் கொடுக்க வரவில்லை. எல்லோரும் என் கூடையைச் சுற்றித்தான் நின்றார்கள். டொக்டர் வந்து ஒரு கிலோ பாரைமீன் வாங்கிவிட்டு, "அம்மா, என்னோட வேலைக்கு வாறீங்களோ?" என்று கேட்டா.

"எனக்கு வாசிக்கத் தெரியாது மிஸ்."

"வாசிக்கிறதுக்கு மெசின் இருக்கு. ஆக்களோட கதைக்கத்தான் ஒரு மெசினும் இல்லை."

அப்படித்தான் நான் சேர்ந்தேன். அந்தப் பாரையைப் பொரிப்பதா, குழம்பு வைப்பதா என்று டொக்டருக்குத் தெரியவில்லை. அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சரி, அந்தக் கதையை விடுவோம்.

நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பதை முதல் நாளே எனக்கு விளங்கப்படுத்தினா. ஒருவர் உயரமாக இருப்பது, ஒருவருக்குச் சீனி வருத்தம் வருவது, பிரஷர் ஏறுவது, ரத்தத்தில் கொழுப்புக் கூடுவது, இவையெல்லாம் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்த்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த மாற்றத்தால் வருகிறது என்று ரத்தத்துக்குள் தேடினால், எல்லாச் சனத்திடமும் பரவலாக இருக்கிற மாற்றங்கள் கொஞ்சத்துக்குத்தான் பதில் சொல்கின்றன. ஒவ்வொன்றும் கடுகளவு வேலை செய்கிறது. அவற்றையெல்லாம் கூட்டினாலும் கணக்கு நிரம்பவில்லை. மிச்சம் எங்கே?

எனக்கு ஒரு விசயம் விளங்க வேண்டுமென்றால் அது கடலுக்குள் இருக்க வேண்டும். நான் கேட்டேன்: "மிஸ், கரைவலை இழுக்கிற மாதிரியோ? கயித்தில கனபேர் நிப்பினம். ஆளுக்குக் கொஞ்சம் இழுப்பினம். வலை நேரா வரும். ஆனா ஒரு கயித்தில மட்டும் ஒரு எருமை மாதிரி ஆள் நிண்டா, வலை அந்தப் பக்கம் சரிஞ்சிடும்."

டொக்டர் சிரித்தா. "கிட்டத்தட்ட அதுதான் அம்மா. அந்த எருமை மாதிரி ஆள் எல்லா ஊரிலயும் இல்லை. ஏதோ ஒரு ஊரில, ஒரு குடும்பத்தில மட்டும் இருப்பான். அதாலதான் ஊர்ச்சனத்தைப் பொதுவாப் பாத்தா ஆள் அம்பிடுறதில்லை. ஆனா ஒண்டு. அரிதா இருக்கிறதெல்லாம் பலமானதில்லை. கனக்க அரிதானது சும்மா கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுதான். இழுக்கிறது எது எண்டு பாக்கத்தான் குடும்பம் குடும்பமாத் தேடுறம்."

இப்போது எங்கள் கடற்கரையில் வலையை ட்ரக்டர் இழுக்கிறது. அதற்கு என்ன விளக்கம் என்று நான் கேட்கவில்லை.

இனி ஜெனிற்றாவின் கதைக்கு வருகிறேன்.

கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தவர். தலையில் ஒரு நரை கிடையாது. அவருடைய அண்ணனும் அதே மாதிரித்தான், அதே வயதில். எங்கள் ஆய்வுக்கு இப்படியான வீடுதான் வேண்டும். நானும் கௌசியும் போனோம். கௌசி அப்போது கம்பஸ் படிப்பு முடித்து வந்த புதுசு. இப்போது உங்களுக்கு மேலாளர். அப்போது என் பின்னால் ஒளிந்து நின்று எழுதுகிற பிள்ளை. எழுதடி, இதையும் எழுது.

தாய் பிலோமினா எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னா: "இது வருத்தமில்லை ஆச்சி. செய்வினை. பக்கத்து மீன்வாடிக்காரன் செய்தது. எங்கட வலைக்கு மீன் கூடப் பட்டது அவங்களுக்குப் பொறுக்கேல்லை."

"அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ," என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. அதுதான் ஜெனிற்றா. முன்பள்ளி ரீச்சர். கலியாண பிளவுசுக்கு மணி தைத்துக்கொண்டிருந்தாள். "ரத்தம் எடுக்கத்தானே வந்தனீங்கள்? முதல் என்னில எடுங்கோ. பிறகு தம்பியவையில எடுங்கோ. அம்மாவோட விவாதிச்சா விடிஞ்சிடும்."

மாப்பிள்ளை நிறோசன், அவளுடைய சொந்த மச்சான். தகப்பனின் தங்கை மகன். போட் எஞ்சின் திருத்துகிற பெடியன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இவள் என்றுதான் பேச்சு. இவளும் அப்படித்தான் நினைத்தாள், அவனும் அப்படித்தான் நினைத்தான். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இவ்வளவு கிட்டின சொந்தத்துக்குள் கட்டுவதென்றால் ஆயரின் அனுமதி வேண்டும். அதையும் எடுத்துவிட்டார்கள்.

கௌசி கேட்டாள்: "உங்கட குடும்பத்தில ஆர் ஆர் இருக்கினம்?" பிலோமினா சொன்னா: நான், இந்தப் பிள்ளை, பெடியள், செத்துப்போன மனுசன், அவரின் செத்துப்போன அண்ணன், அண்ணனின் பிள்ளைகள். கௌசி எல்லாவற்றையும் எழுதினாள். ரத்தம் எடுத்தோம். "ஏதும் கண்டுபிடிச்சா உங்களுக்குச் சொல்லவோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், நீங்களும் மறக்காமல் கேளுங்கள். ஜெனிற்றா, "பிறகு? சொல்லாமல் நீங்களே வச்சிருந்து என்ன செய்யப்போறீங்கள்?" என்றாள். நாங்கள் சிரித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

பல மாதம் கழித்து டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டா. சனிக்கிழமை. கதவைச் சாத்தினா. கதவு சாத்தினால் நான் கதைக்க மாட்டேன், அது எனக்கும் டொக்டருக்கும் உள்ள ஒப்பந்தம்.

"ஜெனிற்றாவில பிடிச்சிட்டம்," என்றா. கொழுப்பை ரத்தத்திலிருந்து கழுவி எடுக்கிற வேலையில் ஒரு பிழை. நாங்கள் பார்த்த வேறு எந்தக் குடும்பத்திலும் இல்லாத மாற்றம். தகப்பனும் பெரியப்பாவும் அதில்தான் போயிருக்க வேண்டும். பெரியப்பாவின் மகன் ஒருவனிலும் அதே மாற்றம் இருந்தது. ஜெனிற்றாவின் தம்பிமார் தப்பிவிட்டார்கள். "தாயிட்ட இருந்து ஒண்டு, தகப்பனிட்ட இருந்து ஒண்டு எண்டு எல்லாருக்கும் அந்த மரபணு ரெண்டு இருக்கும். இவளுக்கு அதில ஒண்டுதான் பழுது. மருந்துக் குளிசை ஒழுங்காப் போட்டா எல்லாரையும் போலக் கிழவியாகலாம்."

கௌசி எழுதிய குடும்ப மரத்தை மேசையில் விரித்து, டொக்டர் விரலால் கோடு கோடாகத் தடவிக்கொண்டு போனா. விரல் ஓரிடத்தில் நின்றது.

"அப்பாவுக்குச் சகோதரம் ஒராள்தானோ?"

கௌசி சொன்னாள்: "ஒரு தங்கச்சியும் இருக்கிறா மிஸ். ஆனா அவா முள்ளியவளைக்குக் கட்டிப் போட்டா. அவை வேற குடும்பம் எண்டு சொன்னவை."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினா. கோபப்படவில்லை. "கட்டிப் போகேக்க ரத்தத்தைத் தாய் வீட்டில கழட்டி வச்சிட்டோ போனவா?"

பாருங்கோ பிள்ளைகள், இது எங்கள் ஊர்ப் பிழை. வெளிநாட்டிலிருந்து வந்து கேட்கிறவன் இந்தப் பிழை விடமாட்டான். எங்களுக்குத்தான் கட்டிக்கொடுத்த பெண் அடுத்த வீட்டு ஆள். செத்தவீட்டுக்கு வந்து அழுவா, கலியாணத்துக்கு வந்து சமைப்பா, குடும்பத்தில் ஆர் ஆர் என்று கேட்டால் மட்டும் அவாவின் பெயர் வராது. சொன்னவர்களுக்கும் அது பிழையாகத் தெரியவில்லை, எழுதினவளுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தவளுக்கும் தெரியவில்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, "மிஸ், அந்தக் கட்டிப் போனவாவின்ர மகனைத்தான் இந்தப் பிள்ளை கட்டப்போகுது," என்றேன்.

டொக்டர் கழற்றின கண்ணாடியைத் திரும்பப் போட்டா. பிறகு மெதுவாகச் சொன்னா. மாமியிடம் அந்த மாற்றம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் மகனிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு பேரிலும் இருந்து, அவர்களுக்குப் பிள்ளை பிறந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து, இரண்டும் பழுதாகப் பிறக்கும். அப்படிப் பிறந்தால் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நெஞ்சு அடைக்கத் தொடங்கும். ஜெனிற்றா ஊட்டுகிற, பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அந்த வயதுக்குக் கொஞ்சம் மேலே.

"திங்கக்கிழமை அவளை இங்க வரச் சொல்லுங்கோ. நான்தான் சொல்லவேணும். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். பெடியனுக்கு நாங்கள் ஒரு சொல்லும் சொல்லேலாது. அவன் எங்கட ஆய்விலயே இல்லை. அவனுக்குச் சொன்னா, அவளின்ர ரத்தத்தில இருக்கிறதை அவளைக் கேக்காமல் சொன்னதாப் போகும்."

அவளுடைய போன் வேலை செய்யவில்லை. அதனால் ஞாயிறு காலை நானும் கௌசியும் பஸ் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. வெளியே வெயில், உள்ளே போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தோம். முன் வரிசையில் ஜெனிற்றாவும் தாயும். அடுத்த பக்கத்தில் நிறோசனும் அவனுடைய தாய் செபமலரும். அவாதான் அந்த மாமி. பூசை முடிகிற நேரம் பங்குச் சுவாமி ஒரு கடதாசியை எடுத்தார். கலியாண அறிவித்தல். எங்கள் முறையில் அடுத்தடுத்த ஞாயிறுகளில் மூன்று தரம் வாசிப்பார்கள். அன்றைக்கு இரண்டாம் தரம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று வாசித்தார்.

கௌசி என் விலாவில் முழங்கையால் இடித்தாள். "ஆச்சி, இது தடைதானே? அறிவிக்கவேணும் எண்டு சொல்லுறார்!"

"வாயை மூடு."

"பிறகு பிள்ளை பிறந்து செத்தால்?"

"வாயை மூடடி எண்டன்!"

பஸ்ஸில் குடித்த தூசியோ, கௌசியின் முழங்கையோ, அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. சும்மா இருமல் இல்லை, கோயிலே அதிர்கிற இருமல். சுவாமி வாசிப்பை நிற்பாட்டி என்னைப் பார்த்தார். முழுச் சனமும் திரும்பிப் பார்த்தது. தடை அறிந்தவள் எழும்பப் போகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். செபமலரின் பார்வை மட்டும் கத்தி மாதிரி வந்தது. நான் கையைக் காட்டி, "தொண்டை, சுவாமி, தொண்டை," என்றேன். ஒருவன் பக்கென்று சிரித்தான். சுவாமி தொடர்ந்து வாசித்தார்.

கௌசி கேட்டதில் பிழையில்லை. ஒரு பிள்ளையின் உயிர் போகலாம் என்று தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது லேசில்லை. ஆனால் அந்தச் சேதி என்னுடையதில்லை. கோயிலுக்குரியதும் இல்லை, தாய்க்குரியதும் இல்லை, மாமியாருக்குரியதும் இல்லை. அது ஜெனிற்றாவின் உடம்புக்குள் இருக்கிறது. அவளுக்கே இன்னும் தெரியாது. ஊருக்குத் தெரிந்து அவளுக்குத் தெரிய வந்தால், பிறகு அவளால் ஒரு முடிவும் தன் முடிவாக எடுக்க முடியாது. இதை நன்றாக மனதில் வையுங்கோ. அவசரம் என்றால் கால்தான் ஓட வேண்டும், வாய் ஓடக்கூடாது.

வெளியே வந்ததும் செபமலர் நேராக என்னிடம் வந்தா. "ஆச்சி, மீன் வித்த நேரம் உங்களுக்கு இப்பிடி இருமல் இருக்கேல்லையே. அறிவித்தல் வாசிக்கேக்கதான் வருமோ?"

"வயசு போட்டுதெல்லோ."

"ஆஸ்பத்திரி ஆக்களுக்குக் கலியாணக் கோயில்ல என்ன வேலை? கண்டறியாத ஆராய்ச்சி!"

"பூசைக்கு வந்தனான் பிள்ளை. நானும் ஞானஸ்நானம் எடுத்தவள்தான்."

அவா வெடுக்கென்று திரும்பிப் போனா. ஜெனிற்றாவைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்: "நாளைக்கு டொக்டரிட்ட வா. உன்ர ரிப்போட் வந்திட்டுது. தனிய வாறதோ, ஆரையும் கூட்டிக்கொண்டு வாறதோ, உன்ர விருப்பம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள், பொய்யை மணந்து பிடித்துவிடுவாள். "நல்லதோ ஆச்சி, கெட்டதோ?"

ஒன்றுமில்லை என்று சொன்னால் அது பொய். கெட்டது என்றால் இரவு முழுக்க நித்திரை கொள்ள மாட்டாள். "மருந்து இருக்கிற விசயம்," என்றேன். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் என் வேலை.

திங்கள் தனியாகத்தான் வந்தாள், மாங்குளத்தில் பஸ் மாறி. டொக்டர் சொன்னதை எல்லாம் அசையாமல் கேட்டாள். முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை.

"அப்ப அப்பாவுக்கு ஆரும் செய்வினை செய்யேல்லை?"

"இல்லை."

"பெரியப்பாவுக்கும்?"

"இல்லை பிள்ளை."

அப்போதுதான் அழுதாள். டொக்டர் அவளை அழவிட்டா. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், டொக்டர் கண்ணால் மறித்தா. அழுது முடிந்து முகத்தைத் துடைத்தபோது, அவளுடைய புத்தி எங்களையும் தாண்டி ஓடியிருந்தது. "அப்பான்ர குதிக்கால் நரம்பில மஞ்சளாக் கட்டி இருந்தது. மாமிக்கும் கை விரல் மொளியில அப்பிடித்தான் இருக்கு. வலை பின்னி வந்ததெண்டு சொல்லுவா." கொஞ்சம் நின்று, "அப்ப நிறோசன்?" என்றாள்.

டொக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை; அந்தக் கட்டியும் கொழுப்புத்தான் என்றா. நாலில் ஒரு பங்கையும் சொன்னா. பிறகு, "உங்களைக் கேக்காமல் நாங்கள் அவையிட்டப் போகமாட்டம்," என்றா.

"நானே சொல்லுறன். ஆச்சி கூட வரட்டும்." என் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்கள் ஒண்டும் கதைக்கக்கூடாது."

எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு உண்டோ?

வழியில் பஸ்ஸில் அவளாகவே சொன்னாள்: "அவருக்கும் இருந்தாலும் நான் கட்டுவன் ஆச்சி. பிள்ளை பெறுறதா இல்லையா எண்டு பிறகு ரெண்டு பேரும் யோசிப்பம். ஆனா தெரிஞ்சு கட்டுவன். தெரியாமல் கட்டமாட்டன்." பேசக்கூடாது என்ற உத்தரவு பஸ்ஸுக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியவில்லை.

முள்ளியவளையில் செபமலர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நிறோசன் முற்றத்தில் ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தான். ஜெனிற்றா அவனையும் உள்ளே கூப்பிட்டாள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அடுக்காகச் சொன்னாள். தனக்கு என்ன இருக்கிறது, குளிசை இருக்கிறது, நிறோசனும் பார்த்துக்கொள்வது நல்லது, ஏன் நல்லது.

செபமலர் துருவலை நிற்பாட்டினா. "இதுக்குத்தானோ ஆச்சி நீ கோயில்ல இருமினனி?" என்று முதலில் என்னைப் பிடித்தா. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவளைப் பார்த்தா. "கலியாணத்துக்கு முன்னம் சொன்னது நல்லதாப் போச்சு பிள்ளை. உந்த ரத்தம் என்ர வீட்டுக்கு வேண்டாம்."

"அம்மா!" என்றான் நிறோசன்.

"நீ பேசாமல் இரு! நாளைக்கு எனக்குப் பேரப்பிள்ளை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழவோ?"

ஜெனிற்றா அவாவுக்குப் பக்கத்தில் குந்தினாள். தேங்காய்ப்பூ ஒட்டியிருந்த கையைப் பிடித்து, மொளியில் இருந்த கட்டியைப் பெருவிரலால் தடவினாள். "மாமி, இது என்ர வீட்டு ரத்தம் இல்லை. உங்கட வீட்டு ரத்தம்தான். அப்பாவும் நீங்களும் ஒரு வயித்தில பிறந்தனீங்கள். இதே கட்டி அப்பான்ர குதிக்காலிலயும் இருந்தது. நீங்கள்தானே அதில எண்ணெய் போட்டு உரஞ்சி விடுவீங்கள்?"

அவா கையை இழுக்கவில்லை. என் நாக்கில் பல்லின் அடையாளம் விழுந்திருக்கும். கடைசியில் செபமலர் என்னைப் பார்த்துக் கத்தினா: "நீயாவது ஏதும் சொல்லன் ஆச்சி! மரம் மாதிரி நிக்கிறாய்!"

"என்னைக் கதைக்க வேண்டாமெண்டு சொன்னவள்."

நிறோசன் சிரித்துவிட்டான். தாய்க்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை ரெண்டு பேரும் இதிலயோ போனவை?" என்று கேட்டா. ஜெனிற்றா, "ஓம் மாமி," என்றாள். "இத்தனை காலமும் அந்த வாடிக்காரன்ர வீட்டுச் செத்தவீட்டுக்குக்கூட நான் போகேல்லையே," என்றா செபமலர்.

நிறோசன் கையிலிருந்த கிறீசை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். "எப்ப ரத்தம் குடுக்கவேணும்?"

நான் அங்கே ஏதாவது கதைத்திருந்தால் கெடுத்திருப்பேன். கதைக்கத் தெரிந்தவள் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு அந்தக் குசினியில் கதைக்க உரிமையுள்ளவள் ஒருத்திதான். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனது துணைக்கு. துணைக்குப் போனால் துணையாக நில்லுங்கோ.

அன்றைக்கே ஜெனிற்றாவும் நிறோசனும் சேர்ந்து சுவாமியிடம் போய், மூன்றாம் அறிவித்தலை நாங்கள் சொல்லும்வரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஊர் கேட்டது. கலியாணம் குழம்பிவிட்டதாம், பெடியனுக்கு வேறு இடத்தில் பார்க்கிறார்களாம், அந்த இருமல்காரக் கிழவிதான் காரணமாம். கடற்கரையில் நான் நடந்தால் பெடியள் பின்னால் இருந்து இருமுவார்கள். நானும் திரும்பி நின்று இருமிக் காட்டுவேன். ஆனால் ஜெனிற்றா ஒவ்வொரு ஞாயிறும் முன் வாங்கிலேயே போய் இருந்தாள்.

தாயும் மகனும் கொடுத்த ரத்தத்துக்கு ரிப்போட் வந்த அன்று, ஜெனிற்றாவோடு மூன்று பேரும் டொக்டரின் அறையில். நானும் கௌசியும் கதவோரம். ஒவ்வொருவரிடமும், மற்றவர்கள் முன்னால் சொல்லலாமா என்று டொக்டர் கேட்டா. சொல்லுங்கோ என்றார்கள்.

செபமலரிடம் அந்த மாற்றம் இருந்தது. நிறோசனிடம் இல்லை.

ஜெனிற்றா கதிரையின் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். செபமலருக்குத்தான் விளங்கவில்லை. "என்னட்ட இருக்கு, என்ர பிள்ளையிட்ட இல்லையோ? வடிவாப் பாருங்கோ டொக்டர். அவன் என்னை உரிச்சு வச்ச மாதிரி."

"முகம் உங்கடைதான் அம்மா. ஆனா உங்களிட்ட இருக்கிற ரெண்டில நல்லதைத்தான் குடுத்திருக்கிறீங்கள்."

"அப்ப நான் நல்லதைத்தான் குடுத்தனான்!" என்று அவா எங்களைத் திரும்பிப் பார்த்தா, பரீட்சையில் முதலாம் ஆளாக வந்த மாதிரி.

டொக்டர் மிச்சத்தையும் சொன்னா. ஜெனிற்றாவின் பிள்ளைக்கு அவளிடமிருந்து ஒன்று வரலாம், வராமலும் விடலாம். வந்தால் குளிசை இருக்கிறது. இரண்டும் பழுதாக வராது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற நேரம் முதலில் வந்து சொல்ல வேண்டும், அந்தக் காலத்தில் குளிசையை நிற்பாட்ட வேண்டும். செபமலரை அடுத்த அறைக்குக் கூட்டிப் போய் நெஞ்சில் வயர் பூட்டிப் பார்த்தார்கள். அடைப்புத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சக் காலம் அவா "வேற குடும்பம்" ஆகவே இருந்திருந்தால், மகனின் கலியாணத்தைக் கண்டிருப்பாவோ தெரியாது.

அடுத்த ஞாயிறு சுவாமி மூன்றாம் அறிவித்தலை வாசித்தார். கலியாணம் நடந்தது. நான் தின்ற இறால் வடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கௌசி பேனையைக் கீழே வைத்துவிடுவாள்.

இப்போது அவர்கள் முள்ளியவளையில்தான் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். மாமியும் மருமகளும் குழம்புக்கு உப்புக் கூடிவிட்டது என்று வாய்ச்சண்டை. நடுவில் செபமலர், "குளிசை போட்டனியோடி?" என்று கேட்டா. "நீங்கள் போட்டனீங்களோ?" என்றாள் இவள். இரண்டு பேரும் ஒரே செம்பில் தண்ணி எடுத்துக் குடித்துவிட்டு, சண்டையை விட்ட இடத்தில் தொடங்கினார்கள். நிறோசன் என்னிடம், "எனக்கு மட்டும்தான் ஆச்சி இந்த வீட்டில ஒரு குளிசையும் இல்லை. வெளியாள் மாதிரி இருக்கு," என்றான்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வேலியால் எட்டிப் பார்த்தா. குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "செபமலரக்கா, உங்கட மருமகளுக்கு ரத்தத்தில ஏதோ வருத்தமாம், உண்மையோ?" என்று கேட்டா.

ஜெனிற்றா செம்பைக் கையில் வைத்தபடி நின்றாள்.

செபமலர் இடுப்பில் கையை ஊன்றினா. "அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும் இருக்கு. என்ர அண்ணைமாருக்கும் இருந்தது. அது எங்கட குடும்பத்தில வாறது. உனக்கென்ன?"